812-ஆம் வரி

பதினோரு பனிக்காலங்களுக்கு முன்
ராடோவ்லிட்சா நகராட்சியில்
எந்தத் தெருவுக்கு எத்தனை மூட்டை உப்பு என்று
கணக்கெழுதிவிட்டு வீடு வந்த இரவுகளில்
இந்த நிரலை எழுதினேன்.
வெப்பமானி முணுமுணுப்பதை
எண்ணாக்கித் தரும். வேறொன்றும் தெரியாது அதற்கு.
பூட்டுப் போடவில்லை.
எடுங்கள், பிரியுங்கள், திருத்துங்கள்,
விற்றுப் பிழைத்தாலும் சரி.

812-ஆம் வரியில்,
இயந்திரம் படிக்காமல் தாண்டிப்போகும் இடத்தில்,
மனிதருக்கென்று ஒரு குறிப்பு வைத்தேன்:
"இதுவரை வந்துவிட்டவரே,
முகவரி அனுப்புங்கள்.
ஒரு புட்டி தேன் வரும்.
எங்கள் ஊர்த் தேனீக்கள் சாம்பல் நிறம், கொட்டாத சாது."

முதல் வாரமே பன்னிரண்டு புட்டி வாங்கினேன்.
மூடிகளுக்குச் சிவப்புத் துணி கட்டினாள் யெர்னேயா.
"போதுமா?" என்று கேட்டாள்.
அது எனக்கும் கவலையாகத்தான் இருந்தது.

நாற்பது லட்சம் முறை இறக்கிக்கொண்டார்கள்.
மீன் லாரிகளில் ஓடுகிறது,
ரொட்டி அடுப்புகளில், ஆர்க்கிட் கூடாரங்களில்.
திறந்துதானே கிடக்கிறது,
யாராவது பார்த்திருப்பார்கள்
என்று எல்லோரும் சொன்னார்கள்.
அந்த யாராவது
எப்போது கதவைத் தட்டுவார் என்று
நானும் காத்திருந்தேன்.

கிராட்ஸ் நகரத்து நிறுவனம் ஒன்று
முத்திரை குத்திய கடிதம் அனுப்பியது:
வரிவரியாக ஆய்ந்தார்களாம், குறையில்லையாம்.
பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றாலும்
அந்த ஒன்றையாவது நசுக்க வேண்டாமா?
தேன் கேட்கவில்லை அவர்கள்.

போன மார்ச்சில் கடிதம் வந்தது,
உருகுவே, பைசாந்து.
கிரிசெல்தா ஒலாசாபல்,
ரத்த வங்கியில் இரவுப் பணி.

"திரையில் பூஜ்யம் புள்ளி ஆறு.
பைகளுக்குள்ளோ பனி ஊசிகள்.
மூன்று பைகளைக் கொட்டினேன்.
பெட்டியைச் சந்தேகித்தேன், கம்பியைச் சந்தேகித்தேன்,
பகல்காரன் கதவைச் சாத்தவில்லை என்று
அவனோடு சண்டையும் போட்டேன்.
கடைசியில்தான் உங்கள் நிரலைத் திறந்தேன்.
நான்கு இரவு. தாளில் எழுதி எழுதி.

640-ஆம் வரியில்
பூஜ்யத்துக்கும் மைனஸ் ஒன்றுக்கும் நடுவே
மைனஸ் குறி உதிர்ந்துவிடுகிறது.
அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.
ஆனால் இனி உங்களை நம்ப முடியாதல்லவா,
மிச்சத்தையும் படித்தேன்.

தேன் வேண்டாம்.
சுங்கத்தில் பிடித்துக்கொள்வார்கள்."

நம்புவதற்கு முன்னால் அல்ல,
நம்பிக்கை நனைந்து கிழிந்த பிறகுதான்
ஒருத்தி படித்திருக்கிறாள்.

பூஜ்யத்துக்கும் மைனஸ் ஒன்றுக்கும் நடுவே.
எங்கள் தெருக்களில் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிப்பனி
படர்வதும் அந்த இடைவெளியில்தான்.
எங்கள் உப்பு வண்டிகளும்
என் நிரலைக் கேட்டுத்தான் கிளம்பின,
அல்லது கிளம்பாமல் நின்றன.
அந்த இரவுகளின் பதிவேடு
மாடியறையில் இருக்கிறது.
இன்னும் எடுக்கவில்லை.

திருத்தப் பத்து நிமிடம். புதிதாக இரண்டே வரி.
அனுப்பிய மறுநாள் காலைக்குள்
தொண்ணூறாயிரம் பேர் இறக்கியிருந்தார்கள்,
என்ன மாற்றினாய் என்று
ஒருவர் கேட்காமல்.

அன்றிரவுதான் எண்ணிப் பார்த்தேன்.
என் நிரல் சாய்ந்து நிற்பது
முன்பின் தெரியாத அறுபத்து மூன்று பேரின் தோளில்.
ஒன்றைத் திறந்தேன்.
நாற்பத்தோராம் வரியில் யாரோ:
"இது ஏன் வேலை செய்கிறதென்று புரியவில்லை.
தொட வேண்டாம்."

தொடவில்லை.
மூடிவிட்டுப் படுத்தேன்.

புட்டிகளில் தேன் சர்க்கரையாக உறைந்துவிட்டது.
வெந்நீரில் வைத்தால் இளகும் என்கிறாள் யெர்னேயா.
பைசாந்துவுக்கு வெறும் சிவப்புத் துணியை மட்டும்
ஓர் உறையில் போட்டு அனுப்பினேன்.

குறிப்பை அழிக்கவில்லை.
இப்போது அது
814-ஆம் வரியில் இருக்கிறது.